ரயில் புத்தகமும் ஆய்வுக்கருவிதான்!



கண்மாயில் கல்லெறிந்தால் அலை வட்டமாகப் பரவும். கரையில் மோதித் திரும்பும். கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு இது தெரியாததல்ல. குமுளி மலைப்பாதையில், மலை மறைக்கும் வளைவுகளில் செல்பேசி சிக்னல் போய்விடுகிறதே, அதுவும் அலையின் வேலைதான். அதன் பெயர் நுண்ணலை.

கண்ணுக்குத் தெரியாத இந்த அலையின் குணங்களை எப்படிக் காட்டுவது? வழிகாட்டியவர் நம் ஜகதீச சந்திர போஸ். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி ஆசிரியர். இந்தியர் என்பதால் சம்பளத்தைக் குறைத்தபோது, அதைத் தொடாமலே மூன்று ஆண்டுகள் பாடம் நடத்தியவர்!

1895ல் கல்கத்தா டவுன் ஹாலில், சுவரைத் தாண்டி நுண்ணலையை அனுப்பி மணியை ஒலிக்க வைத்தார். வெடிமருந்தைப் பற்ற வைத்தார். இந்த அலை ஒளியைப் போலவே எதிரொளிக்கும், விலகும் என்றும் காட்டினார். உள்ளூர்த் தகரக் கொல்லர் உதவியோடு கருவிகளைத் தாமே உருவாக்கினார். ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே வெள்ளீயத் தாளைச் செருகினார், சணலை முறுக்கினார். அலை அதிரும் திசையைச் சோதிக்க இவையே உதவின.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். பெரியவர்களிடம் கேட்டு, செல்பேசியை முதலில் துணியில் சுற்றுங்கள். பிறகு அலுமினியத் தாளில், இடைவெளி இல்லாமல் இரண்டு மூன்று சுற்று. ஒவ்வொரு முறையும் வேறு போனிலிருந்து அழையுங்கள். எப்போது மணி அடிக்கிறது? எழுதி வைத்து, ஏன் என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

'எங்கள் பள்ளியில் கருவி இல்லையே' என்று மனப்பாடத்தோடு நின்றுவிடாதீர்கள். அது மதிப்பெண்ணுக்குப் போதும், அறிவுக்குப் போதாது. செய்து பார்ப்பீர்கள்தானே?