வீட்டில் படிக்கும் பிள்ளைக்கும் அரசின் துணை வேண்டும்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சில பிள்ளைகள் திரும்பிப் போவதில்லை. வறுமையோ தொலைவோ அவர்களைத் தடுக்கவில்லை. “இவனை எங்களால் சமாளிக்க முடியவில்லை, வேறு இடம் பாருங்கள்” என்று பள்ளி கைவிரித்திருக்கும். அல்லது, நாள்தோறும் அழுதுகொண்டு வீடு திரும்பும் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துத் தாயே முடிவெடுத்திருப்பார். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள், ஓரிடத்தில் உட்கார இயலாதவர்கள், மூளை முடக்குவாதத்தால் பென்சில் பிடிக்க முடியாதவர்கள் என்று பலரும் இதில் உண்டு. இவர்களுக்கு வீடே வகுப்பறையாகிறது. அங்கே எந்தப் பாடத்தை, எந்த வரிசையில், எப்படி நடத்துவது என்ற சுமை முழுவதும் பெற்றோர் தலையில், பெரும்பாலும் தாயின் தலையில், விழுகிறது. அந்தச் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

சட்டம் இங்கே பாதி வழியில் நிற்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உறுதிசெய்தது. 2012-இல் வந்த திருத்தம், பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள பிள்ளைகள் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளலாம் என்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு ஏழாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக விரித்து, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. பாடத்திட்டத்திலும் தேர்விலும் தக்க மாற்றம் செய்வதை அரசின் பொறுப்பாகவும் ஆக்கியது. ஆனால் வாசிப்புக் குறைபாடு மட்டும் உள்ள பத்து வயதுச் சிறுமி வீட்டில் படித்தால், 2012-இன் திருத்தம் அவளுக்குப் பொருந்தாது. 2016-இன் சலுகைகளோ பள்ளியையும் தேர்வு மையத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று சொல்லும் 2009-இன் சட்டம், சேர்க்காதவருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. தண்டனை இல்லை, உதவியும் இல்லை. இந்த நடுவெளியில்தான் அந்தக் குடும்பங்கள் தனித்து விடப்பட்டிருக்கின்றன.

ஓர் அச்சத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கல்விக்கு அரசு துணை நின்றால், சிரமமான பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடப் பள்ளிகளுக்கு அது சாக்காகிவிடாதா என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடுவோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அருகமைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பது ஒவ்வொரு பிள்ளையின் உரிமை. அதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. பிள்ளையை வெளியேற்றும் பள்ளி மீது நடவடிக்கை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் பள்ளிகள் திருந்தும்வரை வீட்டிலிருக்கும் பிள்ளை காத்திருக்க முடியாது. ஏழு வயதில் தவறிப்போன வாசிப்பைப் பதினைந்து வயதில் மீட்பது எவ்வளவு கடினம் என்று எந்தச் சிறப்புப் பயிற்றுநரைக் கேட்டாலும் சொல்வார்.

துணையில்லாத பெற்றோர் முதலில் தேடுவது கடையில் கிடைக்கும் தீர்வை. அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வரும் ஓராண்டுப் பாடத்தொகுப்பு, மாதச் சந்தாவில் நடக்கும் இணையவழி வகுப்பு என்று சந்தையில் ஏராளமாக இருக்கின்றன. பெரும்பாலானவை ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்காக, ஆங்கிலத்தின் சிக்கல்களை மனத்தில் வைத்து உருவானவை. வாசிப்புக் குறைபாட்டுக்கு உலகெங்கும் பேர்பெற்ற ஆர்ட்டன்-கில்லிங்காம் முறை 1930-களில் அமெரிக்காவில் பிறந்தது. ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் உள்ள மொழிக்கு அது அருமருந்து. தமிழ்ப் பிள்ளை தடுக்கி விழும் இடங்கள் வேறு.

‘கொக்கு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். காதில் முதலில் விழுவது ககரம். தாளில் முதலில் எழுத வேண்டியது கொம்பு. ககரத்தை எழுதி முடித்தபின் துணைக்காலையும் போட வேண்டும். ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் பிசகும் இந்த இடத்தில், வரிசையை நினைவில் வைக்கத் திணறும் பிள்ளை நின்றுவிடுகிறது. உகர வரிசையில் கு, சு, து, மு என்று உருவம் மாறிக்கொண்டே போகிறது. ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. ர, ற, ல, ள, ழ, ந, ன, ண குழப்பங்கள் ஊரறிந்தவை. போதாக்குறைக்கு, வீட்டில் ‘வந்துட்டான்’ என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் ‘வந்துவிட்டான்’ என்று வாசிக்க வேண்டியிருக்கிறது. இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக ஏற்றிச் செல்லும் தமிழ் வாசிப்புத் தொகுப்பு ஒவ்வொரு வீட்டுக்கும் எட்ட வேண்டும். அதை உருவாக்க வேண்டியது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். எந்தத் தனியார் நிறுவனமும் லாபத்துக்காக இதைச் செய்துவிடாது.

அடித்தளம் புதிதாகப் போட வேண்டியதில்லை. மரியா மாண்டிசோரியின் முறை ரோம் நகரில் அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளிடமிருந்து தொடங்கியது. 1939-இல் அவர் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிக் கற்பது அவர் தந்த வழிகளில் ஒன்று. மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் திண்ணைப் பள்ளிக்கும் அது அந்நியமன்று. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணியில் ஏறலாம் என்று ஏற்றுக்கொண்டது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் வைத்துப் பாடம் நடத்தியது. வகுப்பு வேறு, நிலை வேறு என்பதை அரசே ஒப்புக்கொண்டபின், வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அதை மறுக்கக் காரணம் இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் வயதையோ வகுப்பையோ வைத்துப் பாடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஐந்தாம் வகுப்பு அறிவியலைப் புரிந்துகொள்ளும் சிறுவன் இரண்டாம் வகுப்புத் தமிழைத் தட்டுத்தடுமாறி வாசிக்கலாம். அவனுக்கு அறிவியலை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், விடையை வாயால் சொல்லட்டும். வாசிப்புப் பயிற்சியைத் தனியே, அவன் நிலையிலிருந்து, தினமும் கொஞ்ச நேரம் நடத்துங்கள். வாசிக்க முடியவில்லை என்பதற்காக அவன் சிந்தனையைப் பட்டினி போடக் கூடாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுவது பல வீடுகளில் பயன் தந்திருக்கிறது. பேச்சு வராத பிள்ளைக்குச் சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ செயலி தமிழிலும் குரல் கொடுக்கிறது. அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ள பிள்ளைக்குப் பேருந்தின் ஊர்ப்பலகையும் மளிகைக் கடைச் சில்லறையும் பாடப்புத்தகத்தைவிட முக்கியமான பாடங்கள். சமச்சீர்ப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைக் குறைத்தும் பிரித்தும் பயன்படுத்துவது, பெட்டியில் வரும் எதையும்விடப் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும்.

சான்றிதழ் பற்றிய பயம்தான் பல பெற்றோரை அவசரப்படுத்துகிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வுக்குக் குறைந்தபட்ச வயது 14. ஐந்து பாடங்களை ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம். ஓவியம், மனையியல், தரவு உள்ளீடு போன்றவையும் பாடங்களாக உண்டு. கணிதம் கட்டாயமில்லை, ஆனால் அதை விட்டால் பின்னால் எந்தப் படிப்புகளுக்கு வழி அடைபடும் என்று விசாரித்த பிறகே விட வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தேர்வுக்காக வருத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை என்பதே இந்த விதிகள் சொல்லும் செய்தி.

இதையெல்லாம் பெற்றோர் அங்கங்கே கேட்டு, தடுமாறித் தெரிந்துகொள்கிறார்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1991 முதலும், மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பு 1985 முதலும் இயங்குகின்றன. திருவாரூரிலோ தருமபுரியிலோ இருக்கும் தாய் எங்கே போவார்? ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும் கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கு ஏற்கெனவே சென்று வருகிறார்கள். அந்தக் கதவை, குறைபாட்டின் அளவைப் பார்க்காமல், வீட்டில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட வேண்டும். பிள்ளையின் நிலையை மதிப்பிட்டு, பெற்றோரோடு உட்கார்ந்து தனிப் பாடத்திட்டம் எழுதி, பருவத்துக்கு ஒருமுறை அதைத் திருத்தித் தரும் பொறுப்பு மையத்துடையதாக வேண்டும். அதற்குப் பயிற்றுநர் எண்ணிக்கை உயர வேண்டும். ஒப்பந்த ஊதியத்தில் அவர்களை அலையவிடும் வழக்கமும் முடிய வேண்டும். விளையாட்டு வேளைக்கும் ஓவிய வகுப்புக்கும் அந்தப் பிள்ளை அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குப் போய்வர அனுமதி வேண்டும். என்றைக்காவது முழுநேரமாகத் திரும்பும் வழி அப்போதுதான் திறந்திருக்கும்.

2021-இல் இல்லம் தேடிக் கல்வி மூலம் தெருத்தெருவாகத் தன்னார்வலர்களை அனுப்ப முடிந்த அரசால் இது முடியாத காரியம் அன்று. வரும் கல்வியாண்டு தொடங்குமுன் இதற்கான அரசாணையைப் பள்ளிக்கல்வித் துறை வெளியிட வேண்டும்.