வாய்ப்பேச்சில் வீடு கட்ட விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பதா?

கண்டி மஹய்யாவ சரிவுகளில் வீடு கட்டும் குடும்பத்தின் கையில் இருக்கும் ஒப்பந்தம் எது? பெரும்பாலும் வேலையைப் பொறுப்பேற்கும் மேசன் பாஸ் எழுதிக்கொடுத்த ஒரு கொப்பித் தாள். "சிலாப் வரை, லேபர் மட்டும்" என்று ஒரு வரி, கீழே ஒரு தொகை, அட்வான்ஸ் வாங்கிய திகதி. கம்பியின் தடிப்போ கொங்கிறீட்டின் கலவையோ வேலை முடியும் நாளோ அதில் இல்லை. நகையை அடகு வைத்தும் வங்கியில் கடன்பட்டும் திரட்டிய பணம் இந்தத் தாளை நம்பிக் கைமாறுகிறது. இதைக் கண்டும் காணாதிருக்கும் அதிகாரத் தரப்பினரை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

காணி விற்பதென்றால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் நொத்தாரிசையும் இரு சாட்சிகளையும் கேட்கிறது. அதே காணியில் எழும் வீட்டுக்கு வாய்ப்பேச்சோ ஒரு கொப்பித் தாளோ போதும் என்று விடப்பட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடப் போனாலும் அடி விழுகிறது. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு அவகாசம், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்றே ஆண்டு.

சட்டமே இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை இயங்குகிறது. ஒப்பந்தகாரர்களைப் பதிவு செய்வதும் மாதிரி ஒப்பந்த ஆவணங்களை வெளியிடுவதும் அதன் வேலை. அந்த ஆவணங்கள் அரச கட்டடங்களுக்கும் பெரிய கம்பனிகளுக்கும் பயன்படுகின்றன. சில பேர்ச் காணியில் வீடு கட்டுபவரை அவை எட்டவில்லை. எட்டச் செய்ய உருப்படியான முயற்சியும் இல்லை.

2020 செப்டெம்பர் 20ஆம் திகதி கண்டி பூவெலிகடயில் ஐந்து மாடிக் கட்டடம் சரிந்து ஒரு தம்பதியும் அவர்களது கைக்குழந்தையும் மாண்டனர். இந்த மலை நகரில் கட்டடப் பிழைக்கு உயிரே விலையாகிறது. அணைசுவரை யார் கட்டுவது, மழைநீர் வடிய வழி விடுவது யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதாவிட்டால், மண் சரிந்த பிறகு பாஸ் வீட்டுக்காரரைக் கை காட்டுவார். வீட்டுக்காரர் பாஸைக் கை காட்டுவார்.

நியூசிலாந்தில் 2015 ஜனவரி முதல் 30,000 டொலரோ அதற்கு மேலோ பெறுமதியான வீட்டு வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். கலிபோர்னியாவில் வீடு திருத்தும் வேலைக்கு முற்பணம் பத்து வீதம் அல்லது 1,000 டொலர், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

ஆகவே வலியுறுத்துகிறோம். தனியார் வீட்டு வேலை ஒவ்வொன்றுக்கும் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கி வர்த்தமானி வெளியிட வேண்டும். ஒப்பந்தகாரரின் பெயர், முகவரி, பதிவிலக்கம், அனுமதி பெற்ற பிளானின் இலக்கம், பொருட்களின் அளவும் தரமும், மொத்தத் தொகை, கட்டம் கட்டமாகப் பணம் தரும் முறை, தொடங்கும் நாள், முடியும் நாள், தாமதத்துக்கான நட்டஈடு, குறைகளைத் திருத்தித் தரும் காலம், தொழிலாளர் காப்புறுதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். மேலதிக வேலைக்கு இருவரும் எழுத்தில் ஒப்பமிட வேண்டும். முற்பணத்துக்கு உச்ச வரம்பு வேண்டும். படிவம் தமிழிலும் சிங்களத்திலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். விளங்காத மொழியில் மக்களிடம் கையெழுத்து வாங்குவது அநியாயம்.

பிளானுக்குக் கட்டணம் அறவிடும் கண்டி மாநகர சபை, வேலை தொடங்குமுன் இந்த ஒப்பந்தத்தின் பிரதியையும் கேட்டு வாங்கிக் கோப்பில் சேர்க்க வேண்டும். இன்னொரு கட்டடம் சரிந்த பிறகு விசாரணைக் குழு அமைப்பதை மக்கள் ஏற்கமாட்டார்கள். பொறுப்பான அமைச்சும் அதிகார சபையும் இப்போதே செயலில் இறங்கட்டும்.