பழைய சித்திரக்கதையும் புதிய வஞ்சகமும்

சென்ற மாதம் ஒரு நாள் காங்கேசன்துறைக்குப் போயிருந்தோம். புகையிரதத்தை விட்டிறங்கி, உப்புக் காற்றை நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டு, ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் ஒருவருடைய வீட்டுக்கு நடந்தோம். வழக்கமாக வாசலிலேயே நின்று வரவேற்பவர் அன்று திண்ணையில் முகம் வாடி அமர்ந்திருந்தார். பக்கத்திலே பழுப்பு நிறத்தில் மெல்லிய புத்தகமொன்று கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தோம். இரும்புக்கை மாயாவி!

இளைய வாசகர்களுக்கு அந்தப் பெயரின் மகிமையைச் சிறிது சொல்லவேண்டும். சிவகாசியிலிருந்து 1972ஆம் ஆண்டு சனவரியில் முத்து காமிக்ஸ் என்ற வெளியீடு தொடங்கிற்று. அதன் முதல் இதழ் இந்த மாயாவியின் கதையே. பிரித்தானியச் சிறுவர் இதழொன்றில் வந்த கதை அது. சித்திரம் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டவராகிய ஜேசுஸ் பிளாஸ்கோ. மின்சாரம் உடலிற் பாய்ந்ததும் ஆள் மறைந்துபோவான். இரும்புக் கை மாத்திரம் அந்தரத்தில் நடமாடும். ஒரு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் அந்தக் கையைக் கனவிலும் கண்டார்கள். எமது நண்பருடைய தாய்மாமன் அக்காலத்தில் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரம் வழியாகச் சிதம்பர தரிசனத்துக்குச் சென்றவர், திரும்பும்போது விபூதிப் பையோடு இந்தப் புத்தகத்தையும் கொண்டுவந்து மருமகனுக்குக் கொடுத்தாராம். அன்று தொட்டுச் சேர்த்த சித்திரக்கதைகள் ஒரு றங்குப் பெட்டி நிறைய இருந்தன.

1990ஆம் ஆண்டு ஊரே இடம்பெயர்ந்தபோது பெட்டி வீட்டிலே தங்கிவிட்டது. உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்ட அந்நிலங்கள் நெடுங்காலத்தின் பின்னரே படிப்படியாக விடப்பட்டன. நண்பர் திரும்பி வந்தபோது கூரை இல்லை. படுக்கையறையில் ஆலமரம் ஒன்று வளர்ந்திருந்தது. பெட்டியைப் பற்றி எவரிடம் கேட்பது?

இந்த ஏக்கத்தை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே வாசியுங்கள். ஏனெனில் வஞ்சகன் பிடித்த பிடி இதுதான். முகநூலிலே பழைய புத்தகங்கள் விற்கும் ஒருவன் முதற்பதிப்பு என்று சொல்லி மாயாவியின் அட்டைப்படத்தைப் போட்டிருந்தான். "1990இல் காங்கேசன்துறையிலிருந்து ஒரு மூதாட்டி மடியிலே கட்டிக் காப்பாற்றிய பிரதி" என்று கீழே ஒரு வாசகம். நண்பருக்குக் கண் கலங்கிவிட்டது. விலை 38,000 ரூபா. "கனடாவிலிருந்தும் ஒருவர் கேட்கிறார், இரவுக்குள் சொல்லவேண்டும்" என்று அடுத்த செய்தி வந்தது. நண்பர் அன்றிரவே முழுப்பணத்தையும் வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டார். நான்காம் நாள் பொதி வந்தது. ஐந்தாம் நாள் விற்றவனுடைய முகநூற் பக்கம் மறைந்தது. அவன்தான் மெய்யான மாயாவி போலும்!

புத்தகத்தை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தோம். மூன்று குறைகள் உடனே புலப்பட்டன.

முதலாவது, தைத்திருந்த கம்பி. காங்கேசன்துறைக் காற்றிலே ஆணியும் கதவுக் கீலும் என்ன பாடு படுகின்றன என்பதை அவ்வூரார் அறிவார்கள். அங்கே பதினெட்டு ஆண்டு இருந்ததாகச் சொல்லப்பட்ட புத்தகத்தில் கம்பி புதுக்காசுபோல் மின்னிற்று. பழைய கம்பி துருப்பிடித்தால் அத்துரு காகிதத்திலும் இறங்கி, கம்பிக்கு நேரே செந்நிறக் கறையாய் நிற்கும். கம்பியைப் பிற்காலத்தில் ஒருவர் மாற்றியிருந்தாலும் பழைய கறையும் பழைய துளையும் எஞ்சியிருக்கும். இதில் இரண்டுமில்லை.

இரண்டாவது, பழுப்பு நிறம். மலிவான அச்சுத்தாள் மரக்கூழினாற் செய்யப்படுவது. காற்றும் ஒளியும் படப்பட அது ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுக்கும். நடுப்பகுதி சற்று வெளிறியே இருக்கும். இந்தப் புத்தகமோ ஓரம் நடு என்ற வேறுபாடின்றி ஒரே சீராகப் பழுத்திருந்தது. மடிப்பின் உட்புறத்திலுங்கூட அதே நிறம். முகர்ந்து பார்த்தோம். தேயிலைச் சாயம்! எங்கள் வீட்டிலே குடிக்கிற தேநீரைவிடச் சற்றுக் கடுப்பாகவே போட்டிருந்தான்.

மூன்றாவதுதான் முடிவான சான்று. அட்டைக்கு அடுத்த தாள் கூரிய கத்தியினால் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. பதிப்பு விவரம் அச்சிடப்படும் இடம் அதுதான் என்று நண்பர் சொன்னார். மாயாவியின் கதைகள் பிற்காலத்தில் மறுபதிப்புக் கண்டவை. ஆகவே நண்பருக்கு வந்தது மறுபதிப்பு. அதைத் தேயிலையில் நனைத்து உலர்த்தி அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த வித்தை நமது நாட்டுக்கே உரியதன்று. 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் 10 சதத்துக்கு விற்ற அக்சன் கொமிக்ஸ் முதலாம் இதழின் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. பறக்கும் வீரன் சூப்பர்மான் முதன்முதல் தோன்றிய இதழ் அது. 1974இல் வெளியீட்டாளரே அதைப் பெரிய அளவில் மறுபதிப்புச் செய்து, மேலே வேறோர் அட்டையும் போட்டு விற்றார்கள். அந்த மேலட்டையைக் கிழித்துவிட்டு உள்ளிருப்பதை மூலப் பிரதியென்று விற்ற புத்திமான்கள் உண்டு. அளவுகோலை வைத்து அளந்திருந்தால் ஒரு நொடியிற் பிடிபட்டிருக்கும் பொய் அது. ஆயினும் பலர் அளக்கவில்லை.

"நிபுணர் சான்று உண்டு" என்று சொன்னாலும் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. அமெரிக்காவிலே சி.ஜி.சி. என்ற நிறுவனம் 2000ஆம் ஆண்டு முதல் இத்தகைய இதழ்களைச் சோதித்து, பத்துக்கு இத்தனை என்று தரமிட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுக் கொடுக்கின்றது. முத்திரை உடையாதவரை உள்ளே இருப்பது உத்தரவாதம் என்பதே நம்பிக்கை. 2023ஆம் ஆண்டின் இறுதியில் சிலர் உறைக்குள் இருந்த நல்ல பிரதியை எடுத்துவிட்டுக் குறைந்த தரத்துப் பிரதியை வைத்து விற்றமை வெளிப்பட்டது. நிறுவனமே ஐயத்துக்குரிய நூற்றுக்கணக்கான பிரதிகளின் இலக்கங்களைப் பகிரங்கப்படுத்த வேண்டியதாயிற்று. சான்றிதழை வாங்குகிறவர் அதன் இலக்கத்தை நிறுவனத்தின் இணையத்தளத்தில் இட்டு, அங்குள்ள படத்தோடு தம் கையிலிருப்பதை ஒப்பிடவேண்டும். அட்டையின் ஒரு சிறு மடிப்பும் ஒரு மைப்புள்ளியும் இரண்டிலும் ஒத்திருக்கவேண்டும்.

நமது தமிழ்ச் சித்திரக்கதைகளுக்கோ அப்படியொரு சான்றுகூட வழக்கத்தில் இல்லை. இங்கே சான்றின் இடத்தைக் கதையே பிடித்துக்கொள்கின்றது. "அமரரான தந்தையார் சேர்த்தது", "இடப்பெயர்விலும் கைவிடாதது" என்றெல்லாம் சொல்வார்கள். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த நாடு இது. 1995இல் ஒரே இரவில் குடாநாடு பெயர்ந்து நடந்த நாடு. இங்கே பிழைத்துக் கிடக்கும் ஒவ்வொரு பழந்தாளுக்கும் மெய்யாகவே ஒரு கதை இருக்கலாம். அதனால்தான் பொய்க்கதையும் இங்கே நன்றாக விலைபோகின்றது. கதையைக் கேளுங்கள், வேண்டுமானால் ஒரு துளி கண்ணீரும் விடுங்கள். ஆனால் காசைக் கம்பிக்கும் காகிதத்துக்கும் கொடுங்கள்.

தூரத்திலிருந்து கம்பியையும் காகிதத்தையும் எங்ஙனம் பார்ப்பது என்று கேட்பீர்கள். நண்பருடைய பெறாமகன், பல்கலைக்கழக மாணவன், அன்று அங்கே இருந்தான். அவன் சொன்ன யோசனை எமக்குப் பிடித்தது. "பெரியப்பா, அவன் போட்ட படத்தைப் பார்க்கக்கூடாது. நீங்கள் கேட்கிற படத்தை அவன் எடுத்து அனுப்பவேண்டும்" என்றான். அட்டைப்படத்தை இணையத்தில் எங்கிருந்தும் எடுக்கலாம். கணினியே இப்போது படம் புனைந்துவிடுகின்றது. ஆகவே அன்றைய பத்திரிகையைப் பக்கத்தில் வைத்து, "இத்தனையாம் பக்கத்தை விரித்து, கம்பி தெரிய, ஓரத்தில் அளவுகோல் வைத்து ஒரு நிமிடக் காணொளி எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்கவேண்டும். எந்தப் பக்கம் என்பதை வாங்குகிறவரே தீர்மானிக்கவேண்டும். பதிப்பு விவரமுள்ள பக்கம், நடுப்பக்கம், பின்னட்டை ஆகியவற்றைத் தவறாது கேளுங்கள். நேர்மையான வியாபாரி இதற்குச் சலிப்படையலாம்; ஆனால் மறுக்கமாட்டார். பழைய படத்தையே திரும்பத் திரும்ப அனுப்புகிறவரிடம் வணக்கம் சொல்லி விலகுங்கள்.

புத்தகம் கைக்கு வந்தபின் உருப்பெருக்கிக் கண்ணாடி நல்ல துணை. வீட்டு அச்சுப்பொறியிற் படியெடுத்த போலியில் கறுப்பு எழுத்தும் கோடும்கூடச் சிறு சிறு புள்ளிகளாய்ச் சிதறித் தெரியும். மெய்யான அச்சில் எழுத்தின் கறுப்பு நிறைவாய் இருக்கும். ஆனால் முறையாக வெளிவந்த மறுபதிப்பை இந்தச் சோதனை காட்டிக்கொடாது. அதற்குப் பதிப்பு விவரமும் அளவும் காகிதமுமே சாட்சி. பொதியைப் பிரிக்கும்போது கைத்தொலைபேசியைப் பக்கத்தில் நிறுத்தி ஒளிப்பதிவு செய்துகொள்வதும் நல்லது. பின்னர் முறையிட நேர்ந்தால் அது பேசும்.

இனிப் பணம். வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பிய பணம் நொடிப்பொழுதிற் போய்ச் சேரும். திரும்பி வருவது பெரும்பாடு. ஈபே போன்ற சந்தைகளிலே பொருள் வராவிட்டாலோ சொன்னபடி இல்லாவிட்டாலோ பணத்தை மீட்டுத்தரும் ஏற்பாடு உண்டு. அதனாலேயே வஞ்சகர்கள், "சந்தைக்கு வெளியே வாருங்கள், விலை குறைத்துத் தருகிறேன்" என்று அழைப்பார்கள். பேபாலில் நண்பருக்கும் குடும்பத்தாருக்கும் அனுப்பும் முறையிலே அனுப்பச் சொல்வதும் இதே சூழ்ச்சி. அம்முறையில் வாங்குவோர் பாதுகாப்பு இல்லை. வெளிநாட்டிலிருக்கும் நம்மவர் இந்த வலையில் விழுவதற்கு இடமுண்டு. ஊர்க்காரன் என்ற பாசத்திலே, "இவன் எங்கள் பிள்ளைதானே" என்று அனுப்பிவிடுவார்கள். பொதி சுங்கத்தில் நிற்கிறது, தபாற் கட்டணம் குறைவு என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்திகளை அழுத்தவேண்டாம். இரகசிய இலக்கத்தைப் பெற்ற பிள்ளை கேட்டாலும் சொல்லவேண்டாம்.

கேட்ட விலை அதிகம் என்பதனால் மட்டும் ஒருவர் வஞ்சகராகிவிடார் என்பதையும் சொல்லவேண்டும். அரிய பொருளை விரும்பிய விலைக்கு விற்பது அவரவர் உரிமை. ஐம்பது ஆண்டு கறையானிடமிருந்தும் வெள்ளிப்பூச்சியிடமிருந்தும் ஒரு தாளைக் காப்பாற்றியவருக்குக் கூலி வேண்டாமா? மறுபதிப்பை மறுபதிப்பென்று சொல்லி விற்பவரும் நல்லவரே. கதையை மீண்டும் வாசிக்கவேண்டும் என்பதே ஆசையாயின் அவரிடம் வாங்குவதுதான் சிக்கனம். நமது நாட்டுப் பழைய இதழ்களைப் பார்க்க விரும்புவோர், நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் சிவஞானசுந்தரம் நடத்திய சிரித்திரன் முதலியவற்றைக் காசின்றியே வாசிக்கலாம். சவாரித்தம்பரை மீண்டும் கண்டு எத்தனை நாளாயிற்று!

நண்பரிடம் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. "மாஸ்டர், முறையிட்டீர்களா?" என்றோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "காசு போனது போகட்டும் தம்பி. கணக்குப் படிப்பித்த வாத்தியார் ஏமாந்தார் என்று என்னிடம் படித்த பிள்ளைகள் கேள்விப்பட்டால் என்ன நினைக்கும்?" என்றார்.

எமக்கு அந்தத் தேயிலைப் புத்தகத்தைவிட இந்த விடைதான் துக்கத்தைத் தந்தது. வெட்கப்பட வேண்டியவன் அவரல்லன். வெட்கம் வாயை அடைக்கும்வரை அதே புத்தகம் அதே மூதாட்டியின் மடியிலிருந்து இன்னும் பத்துப் பேருக்கு விற்கப்படும். அன்று மாலையே பெறாமகன் துணையாயிருக்க, வங்கிக்கு எழுத்தில் அறிவித்தார். உரையாடல்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டார். இலங்கைக் கணினி அவசர தயார்நிலை அணியின் 101 என்ற இலக்கத்துக்கும் அழைத்தார். கணினிக் குற்றங்களுக்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் இருக்கின்றது. பொலிசாரிடம் முறையிடவும் வழியுண்டு. பணம் இதுவரை வரவில்லை. ஆனால் முறைப்பாட்டு இலக்கம் ஒன்று வந்திருக்கின்றது. அதை அவர் தம் நாட்குறிப்பிற் குறித்து வைத்திருக்கிறார்.

சென்ற கிழமை அவரிடமிருந்து கடிதம் கிடைத்தது. தமிழ்நாட்டில் ஒருவர் மாயாவியின் பழைய பிரதி வைத்திருக்கிறாராம். 37ஆம் பக்கத்தை விரித்துக் காட்டச் சொல்லி எழுதினாராம், காணொளி வந்துவிட்டது. கம்பியைக் கிட்டத்தில் காட்டச் சொல்லி மறுபடியும் எழுதியிருக்கிறார். அது வந்து சேர்ந்தபின்னரே விலை பேசுவாராம்.