ஊராட்சி செயலரிடம் கேட்டீர்களா?

ஊராட்சிகளின் திட்டம், வரவு, செலவு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும் இ-கிராம் ஸ்வராஜ் தளம் 2020 ஏப்ரல் 24-இல் தொடங்கப்பட்டது. நிதிக்குழு மானியத்தில் குழாய் பதித்தாலும், கால்வாய் கட்டினாலும் அதற்கான தொகை இத்தளத்தின் வழியே ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகிறது. எந்த ஊராட்சி எதற்குச் செலவிட்டது என்பதை யாரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். இது வரவேற்க வேண்டிய மாற்றம்.

ஆனால், இதை அன்றாடம் கையாளும் ஊராட்சி செயலர் மனநிறைவோடு இருக்கிறாரா? எத்தனை ஊராட்சிகள் கணக்கைப் பதிவேற்றின என்ற எண்ணிக்கையை வைத்தே தளத்தின் வெற்றி பேசப்படுகிறது. தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் வைத்தால்தான் மானியம் என்று 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை விதித்தபின், பதிவேற்றாமல் யார் இருப்பார்கள்? கட்டாயத்தால் வந்த எண்ணிக்கை பயனாளரின் நிறைவைக் காட்டாது.

வரி வசூல், குடிநீர், தெருவிளக்கு, கிராம சபை என எல்லாவற்றுக்கும் ஓடுபவர் செயலர். ரொக்கப் புத்தகத்தில் கையால் எழுதியதையே மறுபடி கணினியிலும் ஏற்ற வேண்டியிருந்தால், அவருக்கு வேலை குறையவில்லை, இரட்டிப்பாகியிருக்கிறது. 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று வரையறுக்கப்பட்டது. ஆகவே ஒவ்வொரு செலவுப் பட்டியலையும் சரியான கணக்குத் தலைப்பில் போட வேண்டும். கையொப்பமிடுபவர் மாறினால் புதிய டிஜிட்டல் கையொப்பத்தைப் பதிய வேண்டும். 2025 ஜனவரியில் தமிழகத்தின் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோது இந்த வேலையும் சேர்ந்துகொண்டது. இதிலெல்லாம் தடுமாறும் செயலர் ஒன்றிய அலுவலகக் கணினி இயக்குநரைத் தேடிப் போகிறார். ஊராட்சியின் கணக்கு ஊராட்சிக்கு வெளியே எழுதப்படுமானால் தன்னாட்சிக்கு என்ன பொருள்?

கிராம சபையில் உட்காரும் மக்களும் இத்தளத்தின் பயனாளர்களே. 2024-இல் பாஷிணி மொழிபெயர்ப்பு வசதி இதனுடன் இணைக்கப்பட்டது. நல்ல முயற்சிதான். என்றாலும், நம் தெரு மோட்டார் பழுதுக்கு எவ்வளவு ஆனது என்று கேட்கும் மூதாட்டிக்குக் கணக்குத் தலைப்புகளின் நீண்ட அட்டவணை விடை சொல்லாது.

மத்திய ஊராட்சி அமைச்சகமும் தமிழக ஊரக வளர்ச்சித் துறையும் ஆண்டுதோறும் செயலர்களிடம் கருத்துக் கேட்டு, ஒன்றியவாரியாக முடிவுகளை வெளியிட வேண்டும். தளத்தில் பதிந்ததைப் பதிவேட்டிலும் கையால் எழுதச் சொல்லும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கிராம சபைக்கும் முன்பாக, வரவு செலவை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். புதிய பதிவுப் படிவங்களைச் சேர்ப்பதெல்லாம் இவற்றைச் செய்த பிறகு இருக்கட்டும்.