கைத்திறனும் கணக்கும்

திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. பந்தயக் காரின் ‘காயிலோவர்’ தாங்கமைப்பும் ஒரு முக்கூடலே: எடையைத் தாங்கும் சுருள்வில், அதன் துள்ளலை எண்ணெயால் அடக்கும் ஷாக் அப்சார்பர், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் மரைவளையம். இவை இசையாவிடில் வளைவில் சக்கரம் பிடிப்பிழக்கும்.

மாருதி 800 எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார்களைப் படைத்தவர், 1995-இல் மறைந்த கோவை கரிவர்தன். அவர் பெயர் தாங்கும் செட்டிப்பாளையம் ஓடுகளத்தில், கல்லூரி மாணவர்கள் தாமே கட்டிய கார்களை ஓட்டியுள்ளனர்.

நம் மாணவரும் இத்தாங்கமைப்பைத் தம் கையாலேயே செய்து பழக வேண்டுமென விழைகிறோம். ஆயினும், சக்கரந்தோறும் சுமையை நிறுத்து, கணக்கிட்டு, ஆசிரியர் சோதித்த பின்னரே களத்தில் இறக்க வேண்டும். கணக்கின்றிச் சுருளை அறுத்துக் காரைத் தாழ்த்துவது திறமையன்று. உயிர், இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். கைத்திறன் அதனைக் காக்கவே.