ஒரு குழி நிலம்

வேலி என்பது நம்மூரில் வெறும் எல்லைக்கோடு அன்று. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நின்று தழைத்து, ஆட்டுக்குக் குழையும் தோட்டத்துக்குப் பசளையும் தருவது அது. இடையில் ஒரு பொட்டு இருக்கும். கறிச்சட்டியும் ஊர்ப்புதினமும் ஒரு வளவிலிருந்து மறுவளவுக்குச் செல்வது அப்பொட்டின் வழியாகத்தான். அதே வேலி இரு வீட்டார் முகம் பாராதிருப்பதற்கும் காரணமாகி விடுவதை யாழ்ப்பாணத்தார் அறிவர். எமது வீட்டில் நிகழ்ந்ததையே இவ்வாரம் சொல்லுகிறேன். வாசகர்கள் தத்தம் வேலியோடு ஒப்பிட்டுக் கொள்வார்களாக.

1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது நாங்களும் பெயர்ந்தோம். அடுத்த ஆண்டு மீண்டு வந்து பார்த்தால், வீட்டுக்குக் கூரை இல்லை. வேலி நின்ற இடத்தில் பற்றைக்காடு. எல்லைக்கல்லையும் காணோம். அயல்வீட்டு அண்ணரும் எமது தந்தையாரும் ஆளுக்கொரு முனையில் நின்று, ஞாபகத்தை நம்பிக் கயிறு பிடித்து வேலி அடைத்தார்கள். உயிரோடு மீண்டதே பெரிதாயிருந்த அந்நாளில் ஓர் அடி நிலத்தை யார் எண்ணினார்?

2012 இல் அண்ணர் மதில் கட்ட முற்பட்டார். தந்தையார் அப்போது காலமாகி விட்டார். அத்திவாரத்துக்கு நூல் பிடித்த அன்று, வேலியோரத்துக் கறுத்தக்கொழும்பான் மாமரத்தைக் காட்டி எமது தாயார் சொன்னார்: “தம்பி, இந்த மரம் வேலிக்கு இஞ்சாலை ஒண்டரை அடி தள்ளி நிண்டது. இப்ப வேலியோடை முட்டுது.”

“அப்ப நான் கள்ளனோ, மாமி?” என்றார் அண்ணர்.

அவ்வளவே பேச்சு. அன்று மாலை பொட்டுக்குக் குறுக்கே ஒரு கிடுகு கட்டப்பட்டு விட்டது.

இரவில் நான் கணக்குப் பார்த்தேன். நூறடி நீளத்தில் ஒன்றரை அடி அகலமெனில் 150 சதுர அடி; ஏறத்தாழ ஒரு குழி. 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆக, ஓர் ஏக்கரை 288 கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அதனை நினைத்துச் சிரிக்கலாம்போல் இருந்தது. ஆனால் தாயார் அழுதுகொண்டிருந்தார்.

கதியால் வேலி தானாகவே நகரும் இயல்புடையது. பட்டுப்போன கதியாலின் பக்கத்தில் புதியது ஒன்று நாட்டப்படும். அடைப்பவர் எப்பக்கம் நின்று அடைக்கிறாரோ அதற்கேற்ப வேலி ஒருபுறம் சாயும். முப்பது ஆண்டில் ஓரடி போய்விடும். களவு என்ற சொல்லுக்கு அங்கே இடமேயில்லை. கிடுகு வேலியின் பிழையை அடுத்த அடைப்பில் திருத்தி விடலாம். மதிலின் பிழையோ பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும்.

பழைய உறுதிகளும் அதிகம் உதவமாட்டா. படம் இணைக்கப்படாத உறுதியில் கிழக்கெல்லை இன்னாருடைய வளவு என்றுதான் இருக்கும். அந்த வளவு எங்கே தொடங்குகிறது என்பதன்றோ வழக்கு! பேசாமலும் இருக்க முடியாது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் எதிரிடையாகப் பத்து ஆண்டுகள் இடையூறின்றி ஆண்ட நிலத்துக்கு உரிமை கோரலாம்.

சுற்றத்தார் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். பொலிசுக்குப் போ என்றார் ஒருவர். மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்றார் மற்றொருவர். அது நல்ல யோசனையே. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அச்சபையினர் தீர்ப்புச் சொல்வதில்லை. இருவரும் இணங்கியதையே எழுதுவர். ஆனால் அதற்குமுன் ஒருதரம் நேரில் பேசிப் பார்ப்போமே என்று எனக்குத் தோன்றியது.

பொட்டு மூடிக் கிடந்ததால் ஒழுங்கையால் சுற்றி அண்ணர் வீட்டுக்குப் போனேன். ஒன்றரை அடி என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. “அண்ணை, இருவருமாக ஒரு நில அளவையாளரைப் பிடிப்போம். கூலி பாதி பாதி. அவர் காட்டும் கோட்டை இப்பவே ஏற்போம்,” என்றேன். அளந்த பின்னர் இப்படிச் சொல்ல எவருக்கும் மனம் வராது. அவருக்கோ, இறக்கிய சீமெந்து இறுகிவிடும் என்ற கவலை. மூடைகளை எமது விறாந்தையில் அடுக்கினோம்.

நில அளவையாளர் இரு உறுதிகளோடு அடுத்தடுத்த வளவுகளின் உறுதிகளையும் வாங்கிப் பார்த்து, ஒழுங்கை முதல் பின்வேலிவரை அளந்தார். ஒழுங்கைப் பக்கத்தில் அண்ணரின் வேலி ஒன்றேகால் அடி எம்முள் வந்திருந்தது. கிணற்றடிப் பக்கத்திலோ எமது வேலி முக்கால் அடி அவருள் போயிருந்தது. அந்த முனையில் கயிறு பிடித்தவர் எமது தந்தையார். தாயார் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மாமரம் எம்பக்கமே நின்றது. கிளைகள் மட்டும் அப்பால் சென்றன. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, நட்ட மரம் அயலில் சாய்ந்தாலும் கனி நட்டவனுக்கே என்கிறது. இதை அண்ணரிடம் நான் சொல்லவில்லை. அவருடைய பிள்ளைகள் பழம் பொறுக்காத கோடை எது?

படத்தில் இருவரும் கையெழுத்திட்டதோடு விடாமல், நொத்தாரிசிடம் சென்று இரு சாட்சிகள் முன் உறுதியும் முடித்தோம். காணி பற்றிய உடன்பாடு நொத்தாரிசு முன் எழுதப்படாவிடின், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டப்படி அது செல்லாது. அண்ணன் தம்பியாகப் பழகுவோருக்கு எழுத்து எதற்கு என்பார் உளர். எமது தந்தையார் எழுதி வைக்காமற் போனதால் வந்த வினையன்றோ இது?

மதில் எழும்பியபோது, பழைய பொட்டு இருந்த இடத்தில் இரண்டரை அடி இடைவெளி விடும்படி அண்ணரே மேசனிடம் சொன்னார். அங்கே ஒரு மரப்படலை போட்டோம். அன்று மாலை தாயார் ஒடியற்கூழ்ச் சட்டியோடு அதன் வழியே போனார். படலைக்குக் கொண்டியை எந்தப் பக்கத்தில் பூட்டுவது என்பதில் மட்டும் இன்றுவரை முடிவு காணவில்லை. ஆதலால் கொண்டியே பூட்டவில்லை.