சாய ஜலமும் காந்தக் கரியும்

வெள்ளியங்கிரி மலையில் உற்பத்தியாகி, திருப்பூர் வழியாய் ஓடிக் கரூர் ஜில்லாவில் காவேரியுடன் கலக்கும் நொய்யல் நதியின் கதை விவசாயிகள் அறியாததன்று. ஈரோடு, கரூர் ஜில்லாக்களின் நிலங்களுக்குப் பாசனம் தரும் பொருட்டு 1992ஆம் வருஷம் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அணையில் ஜலம் நிறைய வேண்டுமென்று விரும்பவேண்டிய குடியானவர்களே, அங்கே ஜலத்தைத் தேக்கவேண்டாமென்று முறையிட நேர்ந்தது. 2011ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் சென்னை ஹைகோர்ட்டார் திருப்பூர்ச் சாயச்சாலைகளை மூடும்படி உத்தரவிட்டனர்.

சாய ஜலத்தைத் தெளிவிக்க இரசாயன சாஸ்திரிகள் ஒரு புது மார்க்கத்தை ஆராய்ந்து வருகிறார்கள். கரியின் மேற்புறத்தில் சாயம் ஒட்டிக்கொள்ளும் என்பது பழைய விஷயம். பொடி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவுக்கு அதன் மேற்புறம் அதிகம். ஆகையால், ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு செய்தால் வரும் நானோமீட்டர் என்னும் அளவில் கணக்கிடத்தக்க கரிப்பொருள்களை உபயோகிக்கிறார்கள். அத்தனை நுண்ணிய பொடியை ஜலத்திலிருந்து திரும்ப எடுப்பது கடினம். அதற்காக, இருவகை இரும்பு உப்புக்களைக் காரத்துடன் சேர்த்து உண்டாகும் கறுப்புக் காந்த ஆக்ஸைடைக் கரியின்மேல் படியச் செய்கிறார்கள். சாயத்தைப் பற்றிய பொடியைக் காந்தம் ஒரு பக்கம் இழுத்துவிடும். தெளிந்த ஜலம் மறுபக்கம் நிற்கும்.

யுக்தி மெச்சத்தக்கதே. ஆயினும் இதைக் கொண்டு பாசனத் தொல்லை தீர்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு.

சோதனைச்சாலைகளில் பெரும்பாலும் பரீக்ஷை செய்யப்படும் மெதிலின் நீலம் நேர்மின் தன்மையுள்ளது. பருத்தி நூலுக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயங்களோ எதிர்மின் தன்மையுள்ளவை. ஒன்றை நன்றாகப் பற்றும் கரி மற்றதையும் அவ்வாறே பற்றும் என்பது நிச்சயமில்லை. மேலும், சாயத்தைப் பற்றிய கரியைக் கழுவி மறுபடி உபயோகித்தால், கழுவிய திரவத்தில் அதே சாயம் இருக்கும். அத்திரவத்தையும் பழைய கரியையும் ஓடையிலோ வயலிலோ கொட்டினால் பயன் என்ன?

இவற்றிலும் முக்கியமானது உப்பு. ரியாக்டிவ் சாயம் நூலில் ஏறுவதற்குச் சாதாரண உப்போ சோடியம் ஸல்பேட்டோ ஏராளமாகச் சேர்க்கப்படுகிறது. சாயத்தைப் பற்றும் கரி இவ்வுப்பை நீக்காது. நிறம் கண்ணுக்குத் தெரியும், உப்பு தெரியாது. சிவந்த ஜலத்தை வயலில் விடக் குடியானவன் அஞ்சுவான். தெளிந்த ஜலத்தை அஞ்சாமல் விடுவான். நாளடைவில் உப்பு மண்ணில் சேர்ந்து பயிரைக் கருக்கும். சோடியம் களிமண்ணை இறுக்கி ஜலம் இறங்காமல் செய்யும். ஆகவே, உப்பை நீக்காமல் நிறத்தை மட்டும் போக்குவது, அபாயத்தின் அடையாளத்தைப் போக்குவதே ஆகும்.

சாயச்சாலைக்குள்ளேயே, உப்பைப் பிரிக்கும் சவ்வு யந்திரங்களுக்கு முன்னதாக, காந்தக் கரியால் சாயத்தைக் குறைப்பது அனுகூலமாகலாம். அதற்கு மேற்பட்டு, அதனால் தெளிந்த ஜலத்தைப் பாசனத்திற்கு விடலாம் என்று எவரேனும் கூறினால், அதை ஏற்பதற்கில்லை.

ஆகவே மிராசுதார்கள் நிறத்தைப் பார்த்துத் திருப்தியடையலாகாது. கிணற்றுப் பம்பைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுத்தமான புட்டியை அதே ஜலத்தால் மும்முறை அலசி, நிரப்பி, சர்வே நம்பரும் தேதியும் எழுதிப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 2.25 டெஸிஸீமென்ஸுக்கு மேற்பட்டால், அந்த ஜலம் சாதாரணப் பாசனத்திற்கு உதவாது. சோடியத்தின் விகிதத்தையும் கேட்டறிய வேண்டும். கோடையிலும் மழைக்குப் பின்னும் எடுத்த முடிவுகளைக் கிராம அதிகாரிகள் ஒரு புஸ்தகத்தில் பதிந்து வைப்பார்களாயின், வழக்கு நேரும் காலத்தில் அதுவே கிராமத்தின் சாக்ஷியாகும்.